சாமான் அறையின் பின்கதவு

எங்கள் வீட்டுச் சாமான் அறைக்கு இரண்டு கதவுகள். முன்கதவு சமையலறைக்குள் திறக்கும். சாதாரண மரக்கதவு, சாதாரணத் தாழ்ப்பாள். பின்கதவு கொல்லைப்பக்கம் திறக்கும். அதில் இருப்பது லாரிக் கொண்டி. சரக்கு ஏற்றி முடித்ததும் லாரியின் பின்பக்கத்தை மூடி, பக்கவாட்டில் தட்டி இறுக்குவார்களே, அந்தக் கனத்த இரும்புக் கொண்டிதான். என் மாமனார் ஓட்டிய கடைசி லாரி பழைய இரும்புக்குப் போனபோது முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து பொருத்தியது. அதைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருக்கும். வீட்டுக்கு ஏதோ நல்ல சாமான் வந்திருக்கிறது, அது இப்போதைக்கு நம் வாய்க்கு எட்டாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இது எனக்குப் புரிந்தது வந்த சில நாட்களிலேயே. சாம்பாருக்குப் பருப்பு எடுக்க அந்த அறைக்குள் போனேன். உள்ளே தள்ளி, பின்கதவோரம், ஒரு டப்பா நிறையப் பளபளவென்று துவரம்பருப்பு. ஒரு உழக்கு அள்ளிக்கொண்டு திரும்பினால் மாமனார் நிற்கிறார். உழக்கை வாங்கி, பருப்பை வந்த டப்பாவிலேயே கொட்டி மூடினார். முன்கதவோரம் இருந்த இன்னொரு டப்பாவைத் திறந்து, நிறம் மங்கிப்போன பருப்பை அதே உழக்கில் அள்ளி என்னிடம் நீட்டினார். "பழசு மொதல்லம்மா" என்றார். அந்தப் பருப்பு வேகவே மாட்டேன் என்றது. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது, பருப்பு பருப்பாகவே இருந்தது. மத்தியானம் அதையே சாப்பிட்டுவிட்டு, "சாம்பாரு நல்லாருக்கு" என்று எழுந்து போனார். இந்த மனுஷனுக்கு நாக்கே கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வேப்பந்தட்டையிலிருந்து மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மழையை நம்பிய காடுதான் எல்லாம். பருத்தி, மக்காச்சோளம், கடலை, சின்ன வெங்காயம். மாமனார் காட்டில் இருந்ததைவிட ரோட்டில் இருந்ததுதான் அதிகம். அரியலூர்ப் பக்கத்தில் சிமெண்டு ஏற்றிக்கொண்டு வடக்கே எங்கெங்கோ போய்வந்தவர். ஸ்டியரிங்கை விட்டு இறங்கியதும் அவர் செய்த முதல் வேலை இந்த அறையைக் கட்டியது. கொல்லையில் வெங்காயப் பட்டறை ஒன்று இருந்ததாம். வெங்காயத்தை மாதக்கணக்கில் அழுகாமல் வைக்க, தரையில் படாமல் கல் அடுக்கி, அதன்மேல் காற்றோட்டமாகப் படல் கட்டுவார்கள். அதைப் பிரித்து, அதே கல்லையும் கழிகளையும் கொண்டு அறைக்குள் நீளவாக்கில் தட்டு அடித்திருந்தார். ஏன் இரண்டு கதவு என்று கேட்டால் லாரிக் கதை சொல்வார். "லாரில கடேசியா ஏத்துனதுதான் மொதல்ல எறங்கும். வூட்டுலயும் அப்டியே செஞ்சா அடில கெடக்குறது அங்கயே மக்கிப்போவும். வூட்டுக்கு மொதல்ல ஏத்துனது மொதல்ல எறங்கணும்." அதனால் புதுச் சாமான் எல்லாம் பின்கதவு வழியாக உள்ளே வரும். அமாவாசைக்கு அமாவாசை அவர் ஒவ்வொன்றையும் ஒரு தட்டு முன்னால் நகர்த்துவார். நகர்ந்து நகர்ந்து முன்கதவுக்கு வந்து சேர்ந்ததுதான் அடுப்புக்குப் போகும்.

அறைக்குள் என்ன இருந்தது என்று சொல்வதைவிட என்ன இல்லை என்று சொல்வது சுலபம். செம்மண் கட்டிக் காயவைத்த துவரை, விளக்கெண்ணெய் தடவிய உளுந்து, உப்பு வைத்து உருட்டிய புளி, சாம்பலில் புரட்டிய கொள்ளு, பானையில் கல்லுப்பு, மூட்டையில் வரகு. இதெல்லாம் எந்த வீட்டிலும் ஒரு காலத்தில் இருந்ததுதான். இவர் வைத்திருந்ததில் பாதி கடைச் சாமான். ரவை, அவல், பால்பவுடர், பிஸ்கட், எண்ணெய் டின். மூடி இறுக்கிய பாட்டிலுக்குள் தீப்பெட்டி. மெழுகுவத்தி, டார்ச்லைட்டு, சோப்பு, கயிறு, தார்ப்பாய். ஒரு நீல டிரம் நிறையக் குடிதண்ணீர், அதையும் மாற்றிக்கொண்டே இருப்பார். அரிசி விஷயத்தில் மட்டும் அவர் விதி எங்களுக்குச் சாதகம், பழைய அரிசிச் சோறுதான் உதிரியாக வரும். மற்றதில் எல்லாம் நாங்கள்தான் ஏமாளிகள். எங்கள் வீட்டு ரவையைச் சலிக்காமல் கிளற முடியாது. எங்கள் வீட்டு பிஸ்கட்டைக் கடித்தால் சத்தமே வராது. கெட்டுப்போனதாக ஒன்றும் இருக்காது, அதற்குள் எடுத்துவிடுவார். கெடுவதற்குக் கொஞ்சம் முந்தி எடுப்பார், அதுதான் வம்பு.

மாத்திரையிலும் இதே கூத்து. நான் பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், காயத்துக்குப் போடும் மருந்து எல்லாம் என் மூலமாகத்தான் அறைக்கு வரும். மாத்திரை அட்டையில் போட்டிருக்கும் மாதம் நெருங்கினால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வீட்டு ஆட்களைப் போகும்போதும் வரும்போதும் விசாரிப்பார். "ஒடம்பு எப்டி இருக்கு? தல வலி கிலி ஒன்னும் இல்லையே?" என்பார். இல்லை என்று சொன்னால் முகம் வாடிப்போகும். ஒருமுறை என் வீட்டுக்காரர் லேசாகத் தும்மினார். இவர் ஓடிப்போய் டம்ளரில் தண்ணீரோடு வந்து நின்றதைப் பார்த்து நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

மாமியார் சிரிக்கமாட்டார். அவருக்கு வேறொரு வழி இருந்தது. கடலை பிடுங்கும் நாளில் என்னையும் காட்டுக்கு அழைத்துப் போவார். செடியை உதறி, மண் ஒட்டிய பச்சைக் கடலையை மடி நிறைய ஆய்ந்து, வரப்பில் உட்கார்ந்து சுள்ளியைப் பற்றவைத்துச் சுடுவார். "நல்லாத் தின்னுக்க. வூட்டுக்குப் போயிட்டா அது ஸ்டாக்கு" என்பார். சாயங்காலம் மூட்டை வீட்டுக்கு வரும், லாரிக் கொண்டி சத்தம் போடும், புதுக் கடலை உள்ளே போகும். அன்றைக்கு ராத்திரி சட்னிக்கு முன்கதவு வழியாகப் போன வருஷத்துக் கடலை வெளியே வரும். அந்தச் சிக்கு வாடையை மறைக்க அத்தை வெங்காயத்தை இரண்டு மடங்கு வதக்குவார். சொந்தக் காட்டில் விளைந்ததைத் திருட்டுத்தனமாகத் தின்னவேண்டியிருந்தது அவருக்கு. அதில் அவருக்கு இருந்த மனக்குறை சின்னதல்ல. ஆனால் மாமனாரிடம் நேருக்கு நேர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஊரில் கேலிக்குக் குறைவே இல்லை. மேட்டாங்காட்டு ஊர் எங்களுடையது. கிணறு வெட்டினால் பாறை, போர் போட்டால் புழுதி. இங்கே வெள்ளம் வரவேண்டும் என்றால் பச்சைமலையே உருகி வரவேண்டும். டீக்கடையில் அவரைப் பார்த்ததும், "என்னண்ணே, எப்ப ஒலகம் அழியிது? முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்பார்கள். சண்டை வந்தால் ரஞ்சன்குடிக் கோட்டைக்குள் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளலாம், சோறு உங்கள் வீட்டிலிருந்து வரட்டும் என்பார்கள். அவர் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவார். ஊரடங்கு வந்தபோது கேலி நின்றது. கடைகளை அடைத்தார்கள், பஸ் நின்றது, எல்லோரும் எங்கள் வீட்டை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். ஆகா, அந்த நாள் வந்துவிட்டது, இனி பின்கதவு திறக்கும், பளபளக்கும் பருப்பில் ஒரு சாம்பார் வைக்கலாம் என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அமாவாசைக்கு ஒரு தட்டு நகர்ந்தது. நாங்கள் எப்போதும்போல் பழைய பருப்பையே தின்றோம். கேட்ட வீடுகளுக்கு அவர் ஏதோ கொடுத்தார் என்று கேள்வி. நான் அப்போது கடைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்ததால் எதை எடுத்துக் கொடுத்தார் என்று பார்க்கவில்லை.

என் பிறந்த வீடு அரியலூர் மாவட்டத்தின் தென்கோடியில், திருமானூர்ப் பக்கம், கொள்ளிடக் கரையில் இருக்கிறது. மாமனார் ஊரில் தண்ணீரில்லாமல் அவதி என்றால் அங்கே தண்ணீரால் அவதி. மேலே அணைகள் நிரம்பி ஆற்றில் திறந்துவிட்டால் தாழ்ந்த தெருக்களுக்குள் வந்துவிடும். பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடும். ஒரு ஆடி மாதம் நிற்கவில்லை. காலையில் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது தம்பி போன் செய்தான். "அக்கா, வூட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அம்மாவப் பள்ளிக்கூடத்துல கொண்டாந்து வச்சிருக்கோம். தெருவே இங்கதான் இருக்கு. ஒன்னுத்தயும் எடுக்க முடியல" என்றான். அவன் குரலில் அழுகை இருந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கைகால் உதறும்.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த அறைதான். யாரையும் கேட்கவில்லை. சாக்கை எடுத்துக்கொண்டு முன்கதவு வழியாக உள்ளே போனேன். கேட்டால் இதைத்தான் கொடுப்பார் என்று எனக்கே தெரியும், அதனால் முன்னால் இருந்ததையே எடுத்தேன். மங்கிய பருப்பு, மெத்தென்ற பிஸ்கட், சலிக்கவேண்டிய ரவை. பாதிச் சாக்கு நிறைந்திருக்கும், மாமனார் வந்துவிட்டார். தம்பி சொன்னதைச் சொன்னேன். குனிந்து, சாக்கிலிருந்த பருப்பு டப்பாவை எடுத்துத் தட்டில் வைத்தார். பிஸ்கட்டை எடுத்து வைத்தார். ரவையை எடுத்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் அதுவரை நான் குரல் உயர்த்தியதில்லை. "எங்க அம்மாவுக்குன்னா பழசக் குடுக்கக்கூட ஒங்களுக்கு மனசு வரலையா மாமா? இது ஆபத்து இல்லன்னா எதுதான் ஆபத்து? யாருக்காகப் பூட்டி வச்சிருக்கீங்க?" என்று கத்திவிட்டேன். அத்தை அடுப்பை விட்டு ஓடி வந்தார். மாமனார் என்னைப் பார்த்தார், சாக்கை என் கையிலிருந்து வாங்கினார், அறையை விட்டு வெளியே போனார். சரி, அவ்வளவுதான் நம் மரியாதை, பஸ் பிடித்து வெறுங்கையோடு போவோம் என்று நான் செருப்பைத் தேடினேன். அப்போது கொல்லைப்பக்கம் லாரிக் கொண்டி சத்தம் போட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் பின்கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, போன வாரம் வந்த பருப்பை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தார். போன வாரம் வந்த ரவை. உறை பிரிக்காத பால்பவுடர். நேற்று வந்த எண்ணெய் டின். நானே கடையிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளில் கடைசி அட்டை. அந்தக் கதவு வழியாகச் சாமான் வெளியே போய் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னார்: "கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குக் காணிக்க கொண்டுபோறப்ப பூச்சி அரிச்ச சோளத்தயா கொண்டுபோற? புதுசத்தான கொண்டுபோய்க் கொட்டுற? குடுக்குறதப் புதுசாக் குடுக்கணும்மா. பழசத் திங்கத்தான் நாம இருக்கம்ல."

பக்கத்து ஊரில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்து அதில் எல்லாவற்றையும் ஏற்றினோம். தண்ணீர் டிரம்மும் ஏறியது. அவரும் கூட வந்தார். அரியலூர் தாண்டியதும், எதிரே வந்த சிமெண்டு லாரிகளைப் பார்த்துக்கொண்டே, ஒரு கதை சொன்னார். எந்த ஊர் என்று சொல்லவில்லை, வடக்கே கடற்கரையோரம் ஏதோ ஒரு ஊர். புயலில் ரோடு அறுந்து, லாரியை விட்டுவிட்டு ஒரு கல்யாண மண்டபத்தில் போய் ஒதுங்கியிருக்கிறார். பாஷை தெரியாது. இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு யாரோ வண்டியில் வந்து பொட்டலம் கொடுத்தார்களாம். வரிசையில் நின்று வாங்கிப் பிரித்தால் ரொட்டியில் பச்சையாகப் பூசணம், மாவில் புழு. "பசில அதயும் தட்டிட்டுத் தின்னம்மா. அது பெருசில்ல. குடுத்தவன் மூஞ்சியப் பாத்தேன். அது கெட்டுப்போனதுன்னு அவனுக்கும் தெரியும். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னும் அவனுக்குத் தெரிஞ்சுது. வாங்குறவன்தான, என்ன சொல்லப்போறான்னு நின்னான்" என்றார். அந்த ஒரு பொட்டலத்துக்காகவா இத்தனை வருஷம் எங்களைச் சிக்குக் கடலை தின்ன வைத்தீர்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அம்மா பெஞ்சில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அழுதார், நானும் அழுதேன். தம்பியும் தெருப் பையன்களும் சாமானை இறக்கினார்கள். சத்துணவுக் கூடத்தில் அடுப்பைப் பற்றவைத்து, பெண்கள் பருப்பைக் களைந்து உலையில் போட்டார்கள். அது சீக்கிரமே வெந்து குழைந்தது. அந்த வாசனையில் வகுப்பறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தட்டோடு ஆட்கள் வந்து நின்றபோதுதான் கவனித்தேன், மாமனாரைக் காணோம். வெளியே போய்ப் பார்த்தால் வண்டியின் மறுபக்கம், சுவரைப் பார்த்தபடி நிற்கிறார். உள்ளே வாங்க மாமா, சாப்பிடலாம் என்றேன். "நீ போம்மா. வாங்குறவுங்க மூஞ்சிய நின்னு பாக்கக் கூடாது" என்றார். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பி வந்த பிறகு அவரும் மாறவில்லை, சமையலும் மாறவில்லை. காலியான பின்தட்டுகளை மறுபடி நிரப்பினார். பழசு மொதல்லம்மா என்பதும் நிற்கவில்லை. நான் மட்டும் முனகுவதைக் குறைத்துக்கொண்டேன். அடியோடு விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். பல்லில் அகப்படும் பருப்புக்கு நியாயம் எல்லாம் தெரியாது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தையில் அவர் படுத்தார். பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறியது, ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யாராவது ஊட்டினால்தான் சாப்பாடு. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பிள்ளை ஊட்டப் போனால் வாயை இறுக மூடிக்கொள்வார். பெண்டாட்டி ஊட்டினால் கண்ணை மூடிக்கொள்வார், இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போனது. பசியில்லை என்று அவர் குழறியதை அத்தை நம்பவில்லை. "இந்த மனுசன் வெறும் வயித்தோட போயிருவாரு போலருக்கே" என்று சமையலறையில் உட்கார்ந்து அழுதார்.

அடுத்த நாள் காலையில் நான் கொல்லையைச் சுற்றிப் போய் லாரிக் கொண்டியைத் திறந்தேன். அது எப்போதும்போல் சத்தம் போட்டது. அறுவடை முடிந்து வாங்கிப் போட்டிருந்த புது அரிசியிலிருந்தும், அப்போதுதான் வந்திருந்த பாசிப்பருப்பிலிருந்தும் எடுத்து, நொய்யாக உடைத்துக் கஞ்சி வைத்தேன். புது அரிசி சோற்றுக்கு ஆகாது, கஞ்சிக்கு அதற்கு ஈடு கிடையாது. கிண்ணத்தைக் கொண்டுபோனதுமே அவர் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. நாக்கே இல்லாத மனுஷன் என்று அத்தனை வருஷம் நான் நினைத்தது எவ்வளவு தப்பு. "பின்னாடி... சாமானாச்சே" என்றார் குழறிக்கொண்டு. "முன்னாடி தீந்துருச்சா?"

"தீரல மாமா. குடுக்குறதப் புதுசாக் குடுக்கணும்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபமா, அவமானமா, சொல்லத் தெரியவில்லை. கண் கலங்கி வாய் கோணியது. இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. கிண்ணத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, கரண்டியில் கஞ்சியை எடுத்து அவர் வாய்க்கருகே நீட்டினேன். நீட்டிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். வெளியே வேலியில் ஒரு ஆடு கிளுவை இலையைக் கடித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது. பிறகு கரண்டி லேசானது. இழுத்துப் பார்த்தால் காலி. மறுபடி எடுத்து நீட்டினேன், மறுபடி ஆட்டைப் பார்த்தேன். அன்றைக்குக் கிண்ணம் முழுக்கக் காலியானது. அதற்குப் பிறகு அவர் இருந்த மாதங்களில் அவருக்கு ஊட்டியது நான்தான். ஒரு நாளும் அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அவர் போனபின் பின்கதவை அடைத்துச் சுவர் எடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பெரம்பலூரில் போன் செய்தால் சாமான் வீட்டுக்கே வருகிறது, இனி எதற்கு இந்த அறை என்று அவர் கட்சி. நான் கொத்தனாரைக் கூப்பிடவில்லை. பேச்சு தானாக அடங்கிவிட்டது.

இந்த வருஷம் கடலை நன்றாகக் காய்த்தது. பிடுங்கி முடித்து மூட்டைகள் கொல்லையில் இறங்கியதும் ஒரு முறம் பச்சைக் கடலையை எடுத்து உப்புப் போட்டு அவித்தேன். ஆவி பறக்க ஒரு தட்டில் போட்டு அத்தையிடம் கொண்டுபோனேன். இனி யார் தடுக்கப்போகிறார்கள், வீட்டுக்குள் உட்கார்ந்தே ஆசைதீரச் சாப்பிடட்டும் என்றுதான். அத்தை தட்டைப் பார்த்தார். முந்தானையில் ஒட்டியிருந்த சுட்ட கடலைத் தொலியைத் தட்டிவிட்டார். உதட்டோரம் கரி இருந்தது.

"நான் காட்டுலயே தின்னுட்டு வந்துட்டேன்" என்றார். "நீ போயி பின்கதவத் தொற. ஸ்டாக்கு வெயில்ல கெடக்குது பாரு."